உடைக்கக் கூடாத மாத்திரை

ஜூன் 3

நாத்தனாருக்கு அண்ணி எழுதறது.

உறை மேல என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காம தூக்கிப் போட்டுடாத. நாலு வருஷமா பேசாதவ இப்ப எதுக்கு எழுதறான்னு தோணும். பழைய சண்டையைக் கிளற எழுதல. உன் அண்ணனுக்கு அடிபட்டிருக்கு.

உயிருக்கு ஒண்ணுமில்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். ஏப்ரல் கடைசியில ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் ரிப்பேருக்குப் போனார். ரெண்டாவது மாடியில கதவு திறந்திருந்துச்சு, லிஃப்ட் அங்க இல்ல. இருபத்தெட்டு வருஷமா ஊருக்கெல்லாம் "பார்த்துக் கால் வைங்க"ன்னு சொன்ன மெக்கானிக், பார்க்காம கால் வெச்சுட்டார். இடது தொடை எலும்பு ரெண்டா போச்சு. முதுகெலும்புலயும் ஒரு இடம். அவர் போனும் கூடவே விழுந்து நொறுங்கிடுச்சு. ரெண்டு ஆபரேஷன். உனக்குச் சொல்லலைன்னு கோபப்படு, நியாயம்தான். "அவ பயந்துக்குவா, அப்புறம் சொல்லிக்கலாம்"னு அவர்தான் தடுத்தார்.

வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆச்சு. வலிக்கு மார்ஃபின் மாத்திரை குடுத்திருக்காங்க. காலையில எட்டு மணிக்கு ஒண்ணு, ராத்திரி எட்டு மணிக்கு ஒண்ணு. அட்டையில அந்தப் பேரைப் பார்த்ததும் என் கை சில்லிட்டுப் போச்சு. ஏன்னு உனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் உட்கார வெச்சு மளமளன்னு என்னென்னவோ சொன்னாங்க. நான் நல்லா தலையாட்டினேன். "மார்ஃபின்"ங்கிற வார்த்தைக்கு அப்புறம் என் காதுல ஒண்ணும் ஏறல. ஒரு தாளும் குடுத்தாங்க. அதை எங்க வெச்சேன்னு தேடிக்கிட்டு இருக்கேன்.

மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துல அவர் முகம் இளகிடுது. ஏதாவது சொல்லிச் சிரிக்கிறார். நான் சிரிக்க மாட்டேங்கறேன். அது அவர் சிரிப்பா, மாத்திரையோட சிரிப்பா? சாயங்காலம் ஏழரை ஆனா கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிச்சிடறார். அவர் கடிகாரத்தைப் பார்க்கிறதை நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்.

உன் வீட்டுக்காரர் கண்ணை மூடற வரைக்கும் எட்டு வருஷம் நீ இந்த மாத்திரையோட குடித்தனம் பண்ணவ. எனக்கு வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியல. போன்ல கேக்கலாம்தான். ரெண்டே ரூம், அவருக்குக் கேட்டுடும். அதுவும் போக, நாம ரெண்டு பேரும் போன்ல பேசினா எங்க போய் முடியும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு வரியாவது எழுது.

அண்ணி


ஜூன் 9

அண்ணி,

பிரிக்காம ஒரு நாள் வெச்சிருந்தேன். ஒளிச்சு என்ன ஆகப் போகுது.

அண்ணன் விழுந்து ஒன்றரை மாசம் கழிச்சு எனக்குத் தெரியுது. அதை இன்னொரு நாள் பேசிக்கலாம். இப்ப நான் சொல்றதைச் செய்யுங்க.

அந்த மாத்திரையைக் குடுக்காதீங்க.

என் வீட்டுக்காரருக்கும் ஒண்ணுலதான் ஆரம்பிச்சுது. நாள் பூரா உட்கார்ந்து டாக்ஸி ஓட்டி இடுப்பு விட்டுப் போச்சு. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. அப்புறம் சாப்பாட்டுக்கு முன்னாடி. அப்புறம் சாப்பாடே இல்லாம. அவர் போய் மூணு மாசம் கழிச்சு வண்டியை எடுக்க வந்தவன், ஸ்டெப்னி டயருக்குள்ள இருந்து ரெண்டு அட்டையை எடுத்து என் கையில குடுத்தான். "உங்களுதா மேடம்?"னு கேட்டான்.

நீங்க எழுதின அந்தச் சிரிப்பு எனக்கு நல்லாத் தெரியும். கடிகாரம் பார்க்கிறதும் தெரியும்.

ஒரேயடியா நிறுத்த மனசு வரலைன்னா பாதியா உடைச்சுக் குடுங்க. அப்புறம் அதையும் பாதியாக்குங்க. மிச்சத்தைக் கைக்கு எட்டாத இடத்துல வைங்க. கெஞ்சுவான். கத்துவான். உங்களைப் பேசக் கூடாததெல்லாம் பேசுவான். இரக்கப்பட்டுடாதீங்க. பேசறது அண்ணன் இல்ல, மாத்திரை.

எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். அவனையும் அது தின்னக் கூடாது.

நான் இங்க லென்ஸ் தேய்க்கிற மிஷின் முன்னாடி உட்கார்ந்திருக்கேன், மனசு அங்க இருக்கு. எழுதுங்க.

உங்க நாத்தனார்


ஜூன் 18

நாத்தனாருக்கு,

நீ சொன்னபடியே செஞ்சேன். ரொட்டி வெட்டற கத்தியால மாத்திரையை வெட்டினா ஒரு துண்டு பறந்து அடுப்புக்கு அடியில போகுது. கை பழகினதுக்கு அப்புறம் எல்லாத்தையும் ஒரே நாள்ல வெட்டி, காலி ஈஸ்ட் டப்பாவுல போட்டு மேல் அலமாரியில வெச்சுட்டேன். காலையில பாதி, ராத்திரி பாதி. நடுவுல வலிச்சா காய்ச்சல் மாத்திரை. டாக்டர் குறைக்கச் சொன்னார்னு அவர்கிட்ட பொய் சொன்னேன். நம்பிட்டார்.

முதல் ரெண்டு நாள் ஒண்ணும் தெரியல. மாத்திரை போட்டதும் அப்படியே சொக்கிப் போயிடறார், ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு வலியில துடிக்கிறார். மூணாவது நாள்லேர்ந்து ஆரம்பிச்சுது. ஓயாத கொட்டாவி. சளியே இல்லாம மூக்கு ஒழுகுது. சட்டை பிழியற அளவுக்கு வியர்வை, ஆனா கை மயிரெல்லாம் குத்திட்டு நிக்குது. வயித்தைப் பிடிச்சுக்கறார். போர்வை காலுல பட்டாலே அலறறார். இருபத்துநாலு வருஷத்துல என்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்ல. முந்தாநாள் சொன்னார். சொல்லிட்டு அவரே அழுதார். "நான் என்னடி தப்பு பண்ணேன், என்னை ஏன் இப்படி வெச்சிருக்க?"ன்னு கேட்டார்.

பேசறது அண்ணன் இல்ல, மாத்திரைன்னு எழுதினியே. அதையே மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு அடுப்படியில நின்னேன். ஆனா குரல் அவர் குரலாத்தான் இருந்துச்சு.

பதினஞ்சாம் தேதியிலிருந்து வேலைக்குப் போறேன். பேக்கரியில இதுக்கு மேல லீவு கிடையாதாம். காலை அஞ்சு மணி ஷிப்ட், வீடு வந்து சேர மத்தியானம் ஒன்றரை ஆயிடும். காலைப் பாதியைத் தட்டுல வெச்சு, பக்கத்துல தண்ணியும் வெச்சுட்டுப் போறேன். ட்ரேயை அடுப்புக்குள்ள தள்ளும்போதெல்லாம், வீட்டுக் கதவைத் திறந்தா என்ன கிடக்குமோங்கிற நினைப்புதான்.

ஒரே ஒரு ஆறுதல். உன் அண்ணன்கூட லிஃப்ட் வேலை செய்யற பையன், கிரீஸ்னு கூப்பிடுவாங்களே, எப்பப் பார்த்தாலும் கையில எண்ணெயோட இருப்பானே, அவன் பகல்ல வந்து உட்கார்ந்துட்டுப் போறான். அவன் வர்ற அன்னைக்கு மட்டும் உன் அண்ணன் நல்லாத் தூங்கறார். பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இருந்தாலே பாதி நோவு போயிடும் போல.

இன்னும் எத்தனை நாள் இப்படி? எப்ப நிக்கும்? சொல்லு.

அண்ணி


ஜூன் 21

அண்ணி,

கூரியர்ல அனுப்பறேன். நின்ன இடத்துலயே படிங்க. உங்க நம்பருக்கு அடிச்சா "உபயோகத்தில் இல்லை"ங்குது.

மாத்திரையை உடைக்காதீங்க. உடைச்சதுல ஒரு துண்டுகூட குடுக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, இத்தனை நாள் நடந்ததை ஒளிக்காம சொல்லுங்க. அவங்க சொல்றதைச் செய்யுங்க. நான் சொன்னதை இல்ல.

எங்க கடைக்கு எதிர்ல மருந்துக்கடை. அங்க இருக்கிற பார்மசிஸ்ட் அம்மா இன்னைக்குத் தன்னோட கண்ணாடியை வாங்க வந்தாங்க. ஃபிரேமை அவங்க காதுக்குச் சரி பண்ணிக்கிட்டே, சும்மா கேக்கிற மாதிரி கேட்டேன். "ஒரு நாளைக்கு ரெண்டு வேளைதானே அது?"ன்னாங்க. ஆமான்னேன். மாட்டின கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வெச்சுட்டாங்க.

"அது பன்னிரண்டு மணி நேரம் மெல்ல மெல்லக் கரையறதுக்குன்னே செஞ்ச மாத்திரைம்மா. உடைச்சா உள்ள இருக்கிறது மொத்தமும் ஒரே வீச்சுல இறங்கிடும். அப்புறம் மிச்ச நேரத்துக்கு ஒண்ணுமே இருக்காது. யாரு உடைக்கச் சொன்னது?"

"யாரோ"ன்னேன்.

கொட்டாவியும் மூக்கு ஒழுகறதும் போதையில வர்றது இல்லையாம். உடம்பு பழகின மருந்தைத் திடீர்னு குறைச்சதால வர்றதாம். "ரெண்டு எலும்பு உடைஞ்சவர் வலிக்குதுன்னு கடிகாரம் பார்த்தா அது என்ன குத்தமா? டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பார். வீட்டுல நாமளா குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது"ன்னாங்க. எனக்குக் காதுல மிஷின் ஓடற மாதிரி இருந்துச்சு.

அடுத்தது. கிரீஸ் வர்ற அன்னைக்கு மட்டும் தூங்கறான்னு எழுதியிருக்கீங்க. அந்த வரியை நாலு தடவை படிச்சேன். கிரீஸ் அவனுக்கு என்ன குடுக்கறான்னு கேளுங்க. தூக்க மாத்திரையா இருந்தா, சாராயமா இருந்தா, இந்த மருந்தோட சேர்ந்தா மூச்சு நின்னுடும்.

இது பார்மசிஸ்ட் சொல்லித் தெரிஞ்சதில்ல. எனக்கே தெரியும்.

கடைசி நாள் ராத்திரி என் வீட்டுக்காரர் தூக்கமே வரலைன்னு புரண்டார். எனக்கு டாக்டர் எழுதிக் குடுத்த தூக்க மாத்திரை இருந்துச்சு. கேட்டார், குடுத்தேன். ரெண்டு. நான்தான் தண்ணியும் எடுத்துக் குடுத்தேன். கொஞ்ச நேரத்துல குறட்டை விட்டார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் மனுஷன் நிம்மதியா தூங்கறாரேன்னு திரும்பிப் படுத்தேன்.

இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

அவரை எடுத்துட்டுப் போன அன்னைக்கு சமையல்கட்டுல நீங்க கேட்டீங்க, "பக்கத்துல படுத்திருந்தவளுக்கு மூச்சு நின்னதுகூடவா தெரியல?" அந்தக் கோபத்துலதான் நான் பேசறதை நிறுத்தினேன்னு எல்லாரும் நினைச்சாங்க. கோபம் இல்ல அண்ணி. நீங்க அடுத்த கேள்வியைக் கேட்டுடுவீங்களோன்னு பயம்.

அவன் குறட்டை வித்தியாசமா இருந்தா எழுப்புங்க. எழுந்திரிக்கலைன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. காத்திருக்காதீங்க.


ஜூன் 29

உன் அண்ணன் உயிரோட இருக்கார். மேல படி.

உன் கூரியர் இருபத்துநாலாம் தேதி வந்திருக்கு, பக்கத்து வீட்டுல வாங்கி வெச்சிருந்தாங்க. நடந்தது இருபத்துமூணாம் தேதி.

ஒன்றரை மணிக்குக் கதவைத் திறந்தேன். குறட்டைச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு. கிரீஸ் வந்துட்டுப் போயிருப்பான், தூங்கறார்னு நினைச்சு, சட்டையில ஒட்டியிருந்த மாவைத் தட்டினேன். தட்டிக்கிட்டே நிக்கறப்பதான் குறட்டைக்கும் அடுத்த குறட்டைக்கும் நடுவுல ரொம்ப நேரம் ஆகுதுன்னு தோணுச்சு. தொண்டையில தண்ணி கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தா உதடு நீலம். தோளைப் பிடிச்சு உலுக்கினேன், தலை ஆடுது, ஆள் வரல. இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணு நடுவுல கருப்பு ஊசி முனை அளவுக்குத்தான் இருந்துச்சு.

ஆம்புலன்ஸுக்கு அடிச்சேன். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, "அம்மா, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு எண்ணுங்க"ன்னா. என் கழுத்துல பேக்கரி டைமர் தொங்குது, அதை அமுக்கினேன். ஆறு. "நல்ல கால் பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க. போனை வெக்காதீங்க"ன்னா. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் அவரைப் பேர் சொன்னதில்ல. அது எனக்கே வேற யாரையோ கூப்பிடற மாதிரி இருந்துச்சு. அவங்க வர்றதுக்குள்ள ஆறு அஞ்சா ஆச்சு.

வந்ததும் மார்ஃபினை முறிக்கிற ஊசி போட்டாங்க. ரெண்டு நிமிஷத்துல கண்ணைத் திறந்து, வலியில என்னைத் திட்டினார். அவ்வளவு நல்ல வசவு என் ஜென்மத்துல கேட்டதில்ல. ஊசியோட வேலை சீக்கிரம் இறங்கிடும், உள்ள மருந்து இன்னும் இருக்கும்னு சொல்லி ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில மிஷின் மாட்டி வெச்சிருந்தாங்க.

நீ சந்தேகப்பட்டது சரி. கிரீஸ் அவன் அம்மாவோட தூக்க மாத்திரையைக் கொண்டு வந்து குடுத்திருக்கான். மனசார நல்லதுன்னு நினைச்சுதான். அன்னைக்கு உன் அண்ணன் அவன்கிட்ட, "அந்த ஈஸ்ட் டப்பாவை எடுத்துக் குடுடா, அவ குடுக்க மறந்துட்டா"ன்னு சொல்லியிருக்கார். அவன் கிளம்பினதும் நாலு துண்டை ஒண்ணா வாயில போட்டிருக்கார், கூட ரெண்டு தூக்க மாத்திரை. சாகறதுக்கு இல்லையாம். ஒரே ஒரு பகல் வலி தெரியாம கிடக்கணுமாம்.

டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன், உன்னைத் தவிர. அவர் திட்டல. திட்டியிருந்தா தேவலாம். ஆஸ்பத்திரி பார்மசியில ஒரு அம்மா அரை மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்து சொன்னாங்க. இந்தத் தடவை தலையாட்டல, திருப்பிச் சொல்லிக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்துதான் உன் கடிதத்தைப் படிச்சேன். செருப்பைக்கூட கழட்டல.

அன்னைக்கு சமையல்கட்டுல கேட்டேனே. குறட்டையைக் கேட்டுட்டு நானும்தான் நின்னு மாவைத் தட்டிக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரிஞ்சது வாசல்லேர்ந்து பத்தடி நடந்ததாலதான். நடக்காம அடுப்படிக்குப் போயிருந்தா? நான் கேட்டது தப்பு. மன்னிச்சுக்கோ.

நம்பர் மாத்தி மூணு வருஷம் ஆச்சு, உனக்குச் சொல்லல. கீழ எழுதியிருக்கேன்.

அண்ணி


ஜூலை 4

அண்ணி,

நம்பரைப் பார்த்தேன். போனை ரெண்டு தடவை எடுத்து வெச்சுட்டேன். உங்க குரலைக் கேட்டா எனக்குப் பேச்சு வராது. எழுதறேன்.

உடைக்கச் சொன்னது யாருன்னு அண்ணனுக்குத் தெரியுமா? தெரியாதுன்னா சொல்லிடுங்க. என்னால சொல்ல முடியாது.

இப்ப மறுபடியும் அந்த மாத்திரையேவா? வேற ஒண்ணும் இல்லையா? நான் கேக்கறது தப்புன்னு தெரியுது. பார்மசிஸ்ட் அம்மா சொன்னது மண்டையில இருக்கு. ஆனா பயம் மண்டையில இல்லையே.

கடையில நேத்து ஒரு லென்ஸை உடைச்சுட்டேன். பதினாறு வருஷத்துல முதல் தடவை.

உங்க நாத்தனார்


ஜூலை 19

நாத்தனாருக்கு,

ஆமா, அதே மாத்திரைதான். முழுசா. வலியை அடக்காம விட்டா அவர் இருமக்கூட மாட்டார், எழுந்து நிக்க மாட்டார், படுத்த படுக்கையிலேயே நெஞ்சுல சளி கட்டிடும்னு டாக்டர் சொன்னார். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போறோம், அவரே குறைக்கிறார். இப்ப முன்னைவிடச் சின்ன மாத்திரை. வாக்கரைப் பிடிச்சு நேத்து கக்கூஸ் வரைக்கும் தானே போனார். போயிட்டு, லிஃப்ட் வந்துடுச்சான்னு கேட்டார். மாத்திரை வயித்தைக் கட்டும், அதுக்கு ஒரு மருந்தும் குடுத்திருக்காங்க. இத்தனை நாள் அதைப் பிரிக்கவே இல்லை நான். உடைச்ச துண்டெல்லாம் ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுத்துட்டேன், குப்பையில போடக் கூடாதாம். மிச்சம் பூட்டின பெட்டியில இருக்கு. ஒவ்வொரு தடவையும் குடுத்த நேரத்தை எழுதி வெக்கிறேன்.

தைரியமா இருக்கேன்னு நினைக்காத. மாத்திரையை உள்ளங்கையில வெச்சா இப்பவும் கை சில்லுனு ஆகுது. முதல்ல அவரை எழுப்பணும், என்ன கிழமைன்னு கேக்கணும். தெளிவாச் சொன்னாத்தான் மாத்திரை. குழறினா, கண்ணு சொருகினா, குடுக்காம போன் பண்ணணும். தினம் ரெண்டு வேளை கிழமை கேட்டு அவருக்கு எரிச்சல். நேத்து "ஏழாவது மாடி"ன்னு சொல்லிட்டார். எனக்கு உயிரே போச்சு. கிண்டலாம்.

கிரீஸ் வந்து காலைப் பிடிச்சு அழுதான். பழங்கள் மட்டும் கொண்டு வரான் இப்ப, அதையும் என்கிட்ட காட்டிட்டுத்தான் குடுக்கறான்.

உன் கடிதங்களை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். எல்லாத்தையும். அப்புறம், "அவளும் பயந்தா, நீயும் பயந்த. நானும் எவன்கிட்டயும் வலிக்குதுன்னு சொல்லல. ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்"னார். மாப்பிள்ளைக்கு நீ குடுத்த தூக்க மாத்திரையைப் பத்திக் கேட்டேன். "இதைத் தனியாவா தூக்கிக்கிட்டு இருந்தா?"ன்னு கேட்டார். மன்னிச்சாரா, மன்னிக்க ஒண்ணுமில்லைன்னு நினைக்கிறாரான்னு எனக்குத் தெரியாது. நான் நல்லதா ஜோடிச்சு எழுத விரும்பல.

இப்ப விஷயத்துக்கு வரேன். அவர் நினைவில்லாம கிடந்த அன்னையிலேர்ந்து நான் பேக்கரிக்குப் போகல, இருபத்தெட்டாம் தேதிக்குள்ள வரலைன்னா வேற ஆள் போட்டுடுவாங்க. காலையில அவரைத் தனியா விடக் கூடாது. அந்த எட்டு மணி மாத்திரையைக் குடுக்க ஒரு ஆள் வேணும். தட்டுல வெச்சுட்டுப் போற வேலை இனிமே இல்லை.

பக்கத்து வீட்டுல கேக்கலாம். அவங்களுக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது, அதனால பயமும் கிடையாது. எனக்கு பயப்படற ஆள் வேணும்.

ரெண்டு மாசம் லீவு கிடைக்குமா? நீ வந்து குடு.

அண்ணி


ஜூலை 24

அண்ணி,

மூணு நாளா பதில் எழுதி எழுதிக் கிழிக்கிறேன். அவர் போனதுக்கு அப்புறம் நான் யாருக்கும் ஒரு தலைவலி மாத்திரைகூட எடுத்துக் குடுத்ததில்ல. கடையில ஒரு பொண்ணு மயங்கி விழுந்தப்பகூட, தண்ணி எடுத்துட்டு வாங்கன்னு மத்தவங்களை அனுப்பினேன். இதெல்லாம் தெரிஞ்சுமா என்னைக் கூப்பிடறீங்க? அண்ணனைக் கேட்டீங்களா? அவன் சரின்னானா?

லீவு கேட்டேன். முதலாளி அம்மா முறைச்சாங்க, குடுத்துட்டாங்க.

எதிர்க் கடைக்கும் போனேன். பார்மசிஸ்ட் அம்மாகிட்ட, உடைக்கச் சொன்ன "யாரோ" நான்தான்னு சொல்லிட்டேன். அவங்களுக்கு அன்னைக்கே தெரியுமாம். உட்கார வெச்சு, முதல்லேர்ந்து எல்லாம் சொன்னாங்க. எழுதி வெச்சிருக்கேன்.

ஆனா ஒண்ணு மட்டும் கேக்க வாய் வரல, உங்களைத்தான் கேக்கணும். ஏழே முக்காலுக்கு நான் போய் நிக்கறேன். அவன் தூங்கிட்டிருக்கான். பேர் சொல்லிக் கூப்பிடறேன். முதல் தடவை கூப்பிட்டதும் அவன் கண்ணைத் திறக்கறதுக்குள்ள ஒரு நிமிஷம் இருக்குமே, அந்த நிமிஷத்தை நீங்க எப்படித் தாண்டறீங்க?

பதில் எழுதாதீங்க, எழுதினா நான் வர மாட்டேன். ஞாயித்துக்கிழமை காலை பஸ்ஸுல வரேன். சாயங்காலம் ஏழு மணிக்கெல்லாம் வந்து சேர்ந்துடுவேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது என்னைத் தட்டி எழுப்பிட்டுப் போங்க.

உங்க நாத்தனார்